பேராதனைப் பூங்காவும் கல்முனைக் கரைச் சிறுவரும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலைத் தவணை முடிவுறும் காலங்களிலே பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வாயிலில் நின்று நோக்குவார்க்கு, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய ஊர்களின் பெயர் தாங்கிய பேருந்துகள் வந்து தரிப்பது பழகிய காட்சியாகும். முதனாள் நள்ளிரவிற் புறப்பட்டு, அம்பாறை வழியாக மகியங்கனையை அடைந்து, பதினெட்டு வளைவுகளில் ஏறி, ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவைக் கடந்து வந்திறங்கும் அச்சிறுவர்க்குக் 'கல்விச் சுற்றுலா' என்னுஞ் சொல்லின் பொருளே பேராதனைதான் என்று கூறினும் மிகையாகாது. மரஞ்செடிகளுக்குக் குறைவில்லாத ஒரு நாட்டிலே, மரஞ்செடிகளைக் காட்டுவதற்கெனப் பிள்ளைகளை இத்துணைத் தூரம் அழைத்து வருதல் எவ்வாறு ஒரு கல்வி மரபாயிற்று? கரையோரத்துப் பிள்ளை அங்கே எதனைக் காண்கின்றது, எதனைக் காணாது மீள்கின்றது? வினா எளிதாயினும், விடை தேடப் புகுவோரை அது இருநூறாண்டுக் கால வரலாற்றினுள் இட்டுச் செல்கின்றது.

கண்டிக்கும் கீழைக் கரைக்கும் இடையிலான இப்பாதை புதியதன்று. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது பலரும் அறிந்த செய்தி. அன்று தொட்டு உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறின; பாக்கும் பிறவும் கரைக்கு இறங்கின. 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்திலே முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். கண்டி அரசவையிலே முஸ்லிம் மருத்துவர் குடும்பங்கள் இருந்தன என்பதும், கோபால முதலியார் குடும்பத்தார் மன்னரிடமிருந்து நிலமானியம் பெற்றனர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. மலாகாவிற் பிறந்த இப்னு அல்பைத்தார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை நிரல்படுத்தி எழுதிய மரபின் தொலைதூரக் கிளையொன்று கண்டியரசில் வேர்கொண்டிருந்தது எனலாம். மூலிகையறிவு மலைக்கும் கடலுக்கும் இடையே பொதிமாடுகளோடு நடந்த காலம் அது.

பூங்காவின் வரலாறு வேறொரு திசையிலிருந்து தொடங்குகின்றது. மகாவலி கங்கை வளைந்தோடும் அந்நிலத்திலே கண்டி மன்னர்க்கு உரிய தோட்டமும் உறைவிடமும் இருந்தன. எனினும் இன்று நாம் காணும் பூங்கா அதன் நேர்த்தொடர்ச்சியன்று. இலண்டனிலிருந்த சேர் யோசப் பாங்ஸ் என்பாரின் திட்டத்தின்படி 1810இல் கொம்பனித்தெருவிலே ஒரு தாவரத் தோட்டம் அமைக்க ஏற்பாடாயிற்று. வில்லியம் கெர் 1812இல் அதன் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டிலேயே தோட்டம் களுத்துறைக்கு மாற்றப்பட்டது. கண்டி வீழ்ந்து ஆறாண்டுகள் கழிந்தபின், 1821இலே, அலெக்சாந்தர் மூன் அதனைப் பேராதனையில் நிலைபெறச் செய்தார். அரசு வீழ்ந்ததும் பூங்கா எழுந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை தற்செயலன்று. 147 ஏக்கர் பரப்புடைய அப்பூங்கா கண்ணுக்கு விருந்தாக அமைக்கப்பட்டதன்று. எப்பயிர் இம்மண்ணில் விளையும், எது விலைபோகும் என்று சோதிக்கும் களமாகவே அது அமைந்தது.

இவ்விடத்திலே கண்ணாடியின் கதையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். செடிமனைகளைக் காணவரும் சிறுவர்க்கு இதனைச் சொல்வார் அரியர். ஆயின் பேராதனையின் வரலாற்றிலே இதனினுஞ் சுவையான பகுதி பிறிதில்லை என்பது எமது கருத்து. இலண்டன் மாநகரில் மருத்துவராயிருந்த நதானியல் வார்ட், 1829ஆம் ஆண்டளவிலே, அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணோடு மூடிய போத்தலில் இட்டு வைத்தார். புழுவை நோக்கியிருந்தவர் கண்ட புதுமை வேறொன்று. புகை படிந்த அந்நகரின் காற்றிலே வளர மறுத்த பன்னச்செடியொன்று போத்தலினுள்ளே தானாகவே முளைத்துத் தழைத்தது. பகல் வெம்மையில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து, இரவிலே துளிகளாகி மீண்டும் மண்ணுக்கே வடிந்தது. நீர் ஊற்றுவார் இல்லாமலே செடி வாழ்ந்தது. இதனைக் கொண்டு அவர் ஆக்கிய கண்ணாடிப் பேழைகள் 1833இற் செடிகளுடன் சிட்னிக்கு அனுப்பப்பட்டன. அவை பழுதின்றிச் சென்று சேர்ந்தன. அதற்கு முன்னர் நெடுங்கடற் பயணத்திலே உப்புக் காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் செடிகளிற் பெரும்பாலானவை மடிந்துபோயின. பேழை வந்தபின் ஒரு கண்டத்தின் பயிரை மறு கண்டத்திற்கு உயிரோடு கொண்டு செல்லுதல் ஆட்சியாளர்க்கு எளிதாயிற்று.

1876ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குக. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளுட் சில ஆயிரமே கியூ பூங்காவின் கண்ணாடி மனைகளில் முளைத்தன. அவற்றுள் 1,919 நாற்றுகள் 38 பேழைகளில் அடைக்கப்பட்டு அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை நடுவதற்கெனவே கம்பகாவுக்கு அணித்தாகிய ஹெனரத்கொடவிலே புதிய பூங்கா திறக்கப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அதுவே தொட்டில். இதற்குப் பதினைந்தாண்டுகள் முன்னரே, 1861இல், தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்துக்காக ஹக்கலைப் பூங்கா தோன்றியிருந்தது. அதன் பட்டையிலிருந்தே காய்ச்சலுக்குரிய கொயினா பெறப்பட்டது. கோப்பி இலையை அழித்த துருநோய் 1869இலே தென்பட்டபோது, அதன் மாதிரியை ஆய்வுக்கென இங்கிலாந்துக்கு அனுப்பியவர் பேராதனைப் பணிப்பாளர் துவைற்ஸ். நோயோ நிற்கவில்லை. கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தன. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இப்பூங்காக்கள் யாருக்காகப் பணிசெய்தன என்பதை இனியும் விளக்க வேண்டுவதில்லை. மலைநாட்டுத் தோட்டத்துரைமாரின் வினாக்களுக்கே அங்கு விடை தேடப்பட்டது. கீழைக் கரையின் நெல்வயலும் தென்னந்தோப்பும் அவ்வினாக்களில் இடம்பெற்றமை அரிது.

மூன்று பூங்காக்களும் ஈரவலயத்திலோ மலைநாட்டிலோ அமைந்தமைக்கு இதுவே காரணம். நாட்டின் பெரும்பரப்பு உலர்வலயமாயிருந்தும், அவ்வலயத்துத் தாவரங்களுக்கெனப் பெரிய பூங்கா எதுவும் எழவில்லை. 1880இலே பணிப்பாளராகிய ஹென்றி ட்ரைமென் இக்குறையை உணர்ந்தவர்போலும். 1883இல் அனுராதபுரத்தில் ஒரு கிளைப் பூங்காவை அவர் நிறுவினார், அது நிலைக்கவில்லை. எனினும் அவர் நமக்கு வேறொன்றை விட்டுச் சென்றார். 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த இலங்கைத் தாவரக் கையேடு அது. ட்ரைமென் 1896இல் மறைந்தமையால் இறுதி இரு பாகங்களையும் யோசப் ஹூக்கர் முடித்தார்.

அக்கையேட்டைப் புரட்டும் தமிழ் மாணவனுக்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. பல தாவரங்களுக்கு இலத்தீன் பெயரை அடுத்துச் சிங்களப் பெயரும், அதனை அடுத்துத் தமிழ்ப் பெயரும் கொடுக்கப்பட்டுள்ளன. மூன் 1824இல் வெளியிட்ட பட்டியலிலே சிங்களப் பெயர்களே இடம்பெற்றன. எழுபதாண்டுகளின் பின்னர்ப் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, மருது ஆகியன அறிவியல் நூலினுள் தமிழில் நுழைந்துள்ளன. சிங்களத்திலே ஹல்மில்ல எனப்படும் மரத்துக்குச் சாவண்டலை என்ற பெயரைக் காண்கின்றோம். திருகோணமலை மரம் என வணிகரிடையே பெயர்பெற்று, சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டதும் அதுவே. இப்பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவர் யாவர்? காட்டுக்கு வழிகாட்டிய வேடனோ, மரந்தறிக்கும் தொழிலாளியோ, வண்டிக்காரரோ, வைத்தியரோ, அவர்களின் பெயர்கள் அந்நூலில் இல்லை.

பெயர் சொன்னவரை மறவாத நூலொன்றும் உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்ரடாமில் பன்னிரு பாகங்களாக அச்சாகிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலிலே, ஒல்லாந்தத் தளபதி வான் றீட் தமக்கு உதவிய இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் சான்றுரையையும் சேர்த்து அச்சிட்டார். அதன் படங்களிலே செடியின் பெயர் மலையாள எழுத்திலும் அரபெழுத்திலும் பொறிக்கப்பட்டிருத்தல் எமதூரார்க்கு மகிழ்ச்சி தருவதாகும். இலங்கையிலே அதே காலத்தில், 1672இல் வந்த ஒல்லாந்தக் கொம்பனி மருத்துவர் போல் ஹெர்மன் சேர்த்த உலர்செடிகளைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரநூலை எழுதினார். அவ்வழியிலும் பிறவழியிலும் நம்மவர் நாவில் வழங்கிய சொற்கள் சில உலகப்பொதுப் பெயர்களாயின. முருங்கை 'மொரிங்கா' ஆயிற்று. புங்கு 'பொங்காமியா' ஆயிற்று. வெட்டிவேர் நெடுங்காலம் 'வெட்டிவேரியா' என வழங்கிற்று. பூங்காவின் பெயர்ப்பலகையிலுள்ள இலத்தீனை அச்சத்தோடு எழுத்துக்கூட்டும் சிறுவனுக்கு, அதனுட் சில தன் வீட்டுக் கொல்லையிலிருந்து போன சொற்கள் என்று கூறினால் அவன் முகம் எவ்வாறு மலரும் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

சிறுவர்கள் இவ்வரலாற்றில் எப்பொழுது வருகின்றனர்? ஜெர்மானிய அறிஞர் புரோபெல் 1840இலே தமது பாலர் பள்ளிக்குச் 'சிறுவர் தோட்டம்' என்றே பெயரிட்டார். அப்பெயர் உவமை மட்டுமன்று; பிள்ளைகள் மண்கிண்டிச் செடி வளர்த்தல் அவர்தம் கல்வியின் ஓர் அங்கமாயிருந்தது. அமெரிக்காவிலே கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயற்கைக் கல்வி இயக்கம் எழுந்தது. அன்னா கொம்ஸ்ரொக்கின் இயற்கைக் கல்விக் கைநூல் 1911இல் வெளிவந்தது. இலங்கையில் 1901இலே பாடசாலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது, சி. டிறீபேர்க் அதன் மேற்பார்வையாளராயிருந்தார். விதைகள் வழங்கப்பட்டன, ஆசிரியர்க்குச் சிறு பயிற்சியும் அளிக்கப்பட்டது. நோக்கத்தைப் பற்றி மயக்கம் வேண்டியதில்லை. கிராமத்துப் பிள்ளை எழுத்தறிவு பெற்றதும் உத்தியோகந்தேடி நகருக்கு ஓடாமல், மண்ணிலே நிலைத்து நல்ல பயிராளனாதல் வேண்டும் என்பதே ஆட்சியாளர் கருத்து. ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்ற உயர்குடிப் பிள்ளைகளுக்கு மண்வெட்டி கொடுக்க அவர்கள் அத்துணை ஆர்வங் காட்டினாரல்லர். ஆயினும் ஒரு திட்டத்தின் நோக்கம் வேறு, அதன் விளைவு வேறு. விதை முளைப்பதைத் தன் கையால் செய்து கண்ட பிள்ளை, நல்ல பயிராளன் ஆனாலும் ஆகாவிட்டாலும், காரணங் கேட்கப் பழகிக்கொண்டது.

கல்முனைக் கரையிலே கல்வியும் பயிரும் ஒருங்கே பேசப்பட்ட ஆண்டாக 1942ஐக் குறிப்பிடுதல் தகும். பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அரிசி வரவு நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணிக்காகக் கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் உறுப்பினராகிய ஏ. எம். ஏ. அஸீஸ். காட்டு நிலங்களைப் பயிராளர்க்குப் பகிர்ந்து கொடுத்து அவர் நெல்விளைவைப் பெருக்கினார். மக்கள் ஒரு வயற்பரப்பை 'அஸீஸ்துரைக் கண்டம்' என்றே அழைக்கலாயினர். அதே ஆண்டிலே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் அவர் தோற்றுவித்தார். காரைதீவிற் பிறந்து விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற சுவாமி விபுலாநந்தரோடு அவர்க்கு நெருங்கிய தொடர்பிருந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமும் உருவாயிற்று. கரையூர்ப் பிள்ளை பல்கலைக்கழகம் வரைக்கும் ஏறிவந்த பாதையின் முதற்படிகள் இவை. அப்படிகளில் ஏறிய தலைமுறையினரே பின்னர் ஆசிரியராகித் தம் மாணாக்கரைப் பேராதனைக்கு அழைத்து வந்தனர். 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தமை இதற்குப் பெருந்தூண்டுதலாயிற்று எனக் கருத இடமுண்டு. பூங்காவைப் பார்க்க வந்த பிள்ளை பல்கலைக்கழகத்தையும் பார்த்துச் சென்றது. எம்முட் பலர் இவ்வளாகத்தை முதன்முதலிற் கண்டது அவ்வாறுதான்.

அதே காலப்பகுதியில் எமது மேற்குப்புறத்திலே காடு மறையத் தொடங்கியது. 1949இல் கல்லோயாத் திட்டம் ஆரம்பமாயிற்று. பட்டிப்பளை ஆறு என்று எம் முன்னோர் அழைத்த ஆற்றுக்கு இங்கினியாகலையிலே அணை எழுந்தது. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற பெருங்காடு வெட்டப்பட்டு வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் குடியேற்றமாகவும் மாறியது. நாட்டுக்கு நெல் வேண்டியிருந்தது என்பதை மறுப்பாரில்லை. ஆயின் ட்ரைமென் பெயர் பொறித்த மரங்களைத் தம் ஊரெல்லையிலே காணும் வாய்ப்பு கரையூர்ச் சிறுவர்க்கு அத்தலைமுறையோடு சுருங்கிப் போயிற்று.

அண்மையில் எமதூர்ப் பாடசாலையொன்றின் இயற்கைக் கழகச் சிறுவர் சிலரோடு பேராதனைச் செடிமனைகளைச் சுற்றிவரும் வாய்ப்புக் கிடைத்தது. குளிர்நாட்டிலே கண்ணாடி மனை வெப்பத்தைக் காக்கின்றது. பேராதனையிலோ கூரை செய்யும் பணி வேறு. ஓர்க்கிட் மனையிலே அது வெயிலைத் தணிக்கின்றது; கள்ளியினங்களின் மனையிலே மழையைத் தடுக்கின்றது. இதனை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்கையில், மரத்துண்டிலே வேர்விட்டிருந்த ஓர்க்கிட்டைச் சுட்டி ஒரு சிறுமி, "சேர், இது குருவிச்சையா?" என்று வினவினாள். சிறந்த வினா அது. மேலொட்டித் தாவரம் தங்குவதற்கு இடம் மட்டுமே கேட்கின்றது, குருவிச்சையோ தாங்கும் மரத்தின் சாற்றையே உறிஞ்சுகின்றது என்னும் வேறுபாட்டை அவ்வினாவே வெளிக்கொணர்ந்தது. கள்ளிகளின் முன்னே நின்ற சிறுவன் ஒருவன், "இது நம்மட கடக்கரையில நிக்கிற நாகதாளிதானே!" என்று சற்று ஏமாற்றத்தோடு கூறினான். நாகதாளியும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த செடியே என்று அறிந்ததும் அவனுடைய ஏமாற்றம் வேறொரு வியப்பாக மாறியது. எது நம்முடையது, எது வந்தேறியது என்னும் பிரிப்பு, செடிகளைப் பொறுத்தவரையிலே, நாம் எண்ணும் அளவுக்கு எளிதன்று.

அச்சிறுவர்களின் ஊர்ப்பெயர்களையே எடுத்து நோக்குக. சாய்ந்து நின்றதொரு மருத மரத்தாற் சாய்ந்தமருது பெயர்பெற்றது என்பர். மருதமுனையும் அம்மரத்தையே நினைவூட்டுகின்றது. காரைதீவிலே காரைச்செடி உண்டு. மாவடிப்பள்ளியிலே மா உண்டு. ஆலையடிவேம்பிலே வேம்பு உண்டு. அட்டாளைச்சேனை என்னும் பெயரிலே சேனைப் பயிரைக் காத்த பரண் நிற்கின்றது. ஊர்ப்பெயராய்வு வழுக்குநிலம் என்பதை யாமறிவோம்; செவிவழிக் கதைகள் எல்லாம் சான்றாகா. எனினும் ஒரு கரையின் ஊர்கள் இத்தனை மரங்களைத் தம் பெயரில் ஏந்தி நிற்றல், அங்கு குடியேறியோர் நிலத்தை எவ்வாறு அடையாளங் கண்டனர் என்பதற்கு ஒரு சான்றேயாகும். சாய்ந்தமருதுப் பிள்ளையொன்று மருதமரத்தை முதன்முறையாகப் பேராதனை ஆற்றங்கரையிற் கண்டு, "இதுதானா?" என்று கேட்பது நகைப்புக்குரிய செய்தியன்று.

கரையோரத் தாவரங்களைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பின்னரே. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகியவற்றின் கடலோர வீதிகளிலே குடும்பங் குடும்பமாக மக்கள் மறைந்தனர். மணற்றிட்டியும் அதன்மேற் படர்ந்த செடியும் கண்டற் காடும் அலையின் வேகத்தை எவ்வளவு தணிக்க வல்லன என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அத்துணைப் பேரலையை மரங்கள் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று கூறுவது துயருற்றோர்க்குச் செய்யும் நேர்மையன்று. ஆயினும் மணலைப் பிணித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையுமே என்பதில் ஐயமில்லை. இராவணன் மீசையின் முள்ளுருண்டைகளைக் காற்றில் ஓடவிட்டு அவற்றின் பின்னே ஓடுவது எம் கரைச் சிறுவரின் பழைய விளையாட்டு. விதை பரம்பும் முறைக்கு இதனினும் நல்ல பாடம் எந்தச் செடிமனையிலும் இல்லை.

உலர்வலயத்தின் முறை தாமதமாகவே வந்தது. 1963இலே சாம் பொப்பம் என்பார் தம்புள்ளையில் ஒரு நிலத்தை வாங்கி, அங்கு நட்ட நாற்றுகள் பட்டுப்போகவே, முட்புதரை மட்டும் அகற்றிவிட்டு இயல்பாக முளைத்த காட்டுமரக் கன்றுகளை வளரவிட்டார். காடு தானே மீண்டது. சிறுவர்க்கான இயற்கைக் குழுக்களும் தலைநகரைச் சார்ந்தே முளைத்தன. தெகிவளை விலங்கினச் சாலையிலே இளம் விலங்கியலாளர் சங்கம் 1972இல் தொடங்கியது. அம்பாந்தோட்டையை அடுத்த மிரிஜ்ஜவிலவிலே உலர்வலயத் தாவரவியற் பூங்கா திறக்கப்பட்டது 2013இலே. பேராதனைப் பூங்கா தோன்றி 192 ஆண்டுகள் சென்றபின், பாலைக்கும் வீரைக்கும் உரிய வெயிலிலே அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டும் அரச பூங்காவொன்று கிடைத்திருக்கின்றது. பேராதனைக்குச் செல்லும் பேருந்துகளுட் சிலவேனும் பொத்துவில் வழியாகத் தெற்கே திரும்புதல் நன்று.

இனி, பெயர்களைப் பற்றிய பணியொன்று கிடக்கின்றது. ட்ரைமென் திரட்டிய தமிழ்ப்பெயர்கள் உரோம எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்திலே லகர ளகர ழகர வேறுபாட்டையும் றகர ரகர வேறுபாட்டையும் தெளிதல் எளிதன்று. எந்தப் பெயர் யாழ்ப்பாணத்தது, எது மட்டக்களப்பினது, எது கரையூர் முஸ்லிம்களுடையது என்பதும் அங்கு பிரித்துரைக்கப்படவில்லை. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஒளித்தொகுப்பு, ஆவியுயிர்ப்பு முதலிய அரிய சொற்களை ஆக்கித் தந்தன. செடிகளின் நாட்டுப் பெயர்களைத் திரட்டுதல் அவற்றின் வேலையாயிருக்கவில்லை. பூங்காவிலிருந்து மீளும் சிறுவர் கையிலே குறிப்பேடு உண்டு. மூத்தம்மாவிடமும் மூத்தவாப்பாவிடமும் அவர்கள் கேட்டு எழுதும் ஒவ்வொரு பெயரையும், ஒரு கிளையோடும் இலையோடும் சேர்த்து, ஊரும் நாளும் குறித்து உலர்த்தி வைத்தால், கையேட்டின் ஐந்து பாகங்களோடும் அதனை ஒப்பிட்டு ழகரமா ளகரமா என்று தீர்க்கும் வேலையைத் தமிழ்த்துறை மாணவரும் தாவரவியல் மாணவரும் ஒரே மேசையிலிருந்து செய்யலாம்.